78 தட்டிலிருந்து கணினிக்கு: தாத்தாவின் பெட்டியில் 140 தட்டுகள், எங்கிருந்து தொடங்குவது?

ரங்கூன் ரேடியோகிராம்
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் தேக்குப் பெட்டியில் 140 இசைத்தட்டுகள் இருக்கின்றன. 12 எல்பி (நீண்ட நேரம் ஓடும் தட்டு), மற்றதெல்லாம் நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். இறங்கிய முதல் நாளே ஒரு தட்டைக் கெடுத்துவிட்டேன்.

பூஞ்சை பிடித்திருந்ததே என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்கு போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் அந்த இடத்தில் மினுமினுப்பே இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. போட்டுக் கேட்டால் அந்த இடம் வரும்போதெல்லாம் தகரக் கூரையில் மழை பெய்வது போல இரைச்சல்.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாந்தலேயில் இருக்கும் சித்தப்பா வீட்டு அலமாரி சாய்ந்தது. அதில் இருந்த தட்டுகளில் ஒன்று மிஞ்சவில்லை. எதையும் பதிவு செய்து வைத்திருக்கவும் இல்லை. அவர் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இந்தப் பெட்டியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவற்றில் பாதி எங்களுடையது இல்லை. 1964இல் பக்கத்து வீட்டுக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. "வைத்திருங்கள், திரும்பி வந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்றாராம் அந்த வீட்டுப் பெரியவர். அவர்களுடைய தட்டுகளின் உறையில் ஊதா மையில் வரிசை எண் போட்டிருக்கிறது. 1 முதல் 67 வரை, நடுவில் 23 மட்டும் இல்லை.

என்னிடம் இருக்கும் தட்டு ஓட்டும் டர்ன்டேபிளில் 33, 45 இரண்டு வேகம்தான். மடிக்கணினி இருக்கிறது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும். மற்ற நேரத்துக்குச் சின்ன ஜெனரேட்டர். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

ஊசிமுனை
ஞாயிறு, இரவு 10.25

தம்பி, முதலில் அந்த ஸ்பிரிட் புட்டியை எடுத்து அடுத்த அறையில் வையுங்கள். 78 தட்டு அரக்கில் செய்தது. கல் மாவும் கரியும் அரக்கோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தி எடுப்பார்கள். நம் ஷான் மலைகளில் மரத்திலிருந்து எடுக்கிறார்களே, அதே அரக்கு. தச்சர்கள் பாலிஷ் போடுவதற்கு அரக்கை எதில் ஊறவைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தானே. உங்கள் பஞ்சில் வந்த கறுப்பில் பாட்டும் கொஞ்சம் இருந்தது.

எல்பி வேறு சங்கதி. அது வினைல், ஒரு வகைப் பிளாஸ்டிக். 1948இல் அமெரிக்காவில் வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் 60களின் கடைசி வரை அரக்குத் தட்டு அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் தட்டில் இருக்கும் பாட்டு புதுசாக இருக்கிறது என்று நம்பி ஸ்பிரிட் தொடாதீர்கள். எடை பாருங்கள், லேபிளில் 78 என்று இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துடைக்க பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் போதும், ஆசிட் கலக்காதது. ஒரு கிண்ணத்துக்கு ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு. மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, கோடு சுற்றும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். லேபிளில் ஈரம் படக் கூடாது. அப்புறம் வெறும் வடித்த நீரில் இன்னொரு முறை. நிறுத்திவைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை இந்த வேலையே வேண்டாம். மழைக் காற்றில் தட்டு முழுதாகக் காயாது, உறைக்குள் போட்டதும் மறுபடி பூஞ்சை பூக்கும்.

அடுத்தது ஊசி. எல்பி ஊசியை 78 தட்டில் வைக்காதீர்கள். 78இன் கோடு எல்பியின் கோட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசி அதன் அடியில் போய்க் கிடந்து புழுதியைத்தான் கீறும். பாட்டு இருப்பது பக்கச் சுவர்களில். 78க்கென்று தனி ஊசி விற்கிறது, 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) என்று கேளுங்கள். தலையோடு வாங்கினால் மாட்டுவதும் சுலபம். யாராவது பாங்காக்கிலிருந்து வந்தால் சொல்லிவிடுங்கள்.

வேகம் இல்லையே என்ற கவலை வேண்டாம். 45இல் ஓட்டிப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகம் மாற்றும் இடத்தில் 45லிருந்து 78 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். தடித்த சத்தமும் கீச்சுச் சத்தமும் கொஞ்சம் அளவு மாறும். 78 சுற்று இருக்கும் டர்ன்டேபிள் கிடைத்தால் அதுதான் நல்லது.

ஜெனரேட்டர் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மாந்தலே மாணவன்
திங்கள், காலை 7.15

அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் எல்லாம் யூட்யூபிலேயே கிடைக்கிறதே. யாரோ செய்துவைத்த வேலையை நாம் ஏன் மறுபடி செய்ய வேண்டும்? யாரும் ஏற்றாத தட்டு எது என்று பார்த்து அதை மட்டும் செய்தால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

தட்டோன் நாயனம்
திங்கள், மதியம் 1.05

தம்பி சொல்வதில் நேரக் கணக்கு சரி. ஆனால் நான் நாயனக்காரன், எனக்கு அந்தப் பதிவுகளில் ஒரு கஷ்டம் உண்டு. பாதிக்கு மேல் சுருதி தப்பு.

தட்டில் 78 என்று போட்டிருந்தாலும் பழைய காலத்தில் பதிவு செய்த வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 80 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய கால் கட்டை இறங்கிவிடும். பாட்டுக் கேட்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பிர்காவின் (வேகமாக உருட்டிப் பாடுவது) ஓட்டம் மந்தமாகும், பாடியவரின் குரலே கொஞ்சம் முதிர்ந்த குரலாகக் கேட்கும். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் போய்விட்டார். நாம் யாரும் அவரை நேரில் கேட்டதில்லை. அவர் குரல் இன்று நம்மிடம் இருப்பது தட்டில்தான். அதையும் வேகம் மாற்றி வைத்தால் வேறொரு ஆளைக் கேட்டுவிட்டு கிட்டப்பாவைக் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டு உங்கள் பெட்டியில் இருக்கிறதா? இருந்தால் அதை எனக்கு அனுப்பாமல் விடாதீர்கள். என் தகப்பனார் அந்தத் தட்டைக் கேட்டுத்தான் வாசித்துப் பழகினார். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். அதற்குள் ராகத்தை எங்கே திறப்பது, எங்கே ஏறுவது, ஊசி நடுவுக்கு வருவதற்குள் எங்கே இறங்குவது என்று அவர் கணக்குப் போட்டு வாசித்திருப்பது ஒவ்வொரு தடவையும் எனக்குப் பாடம். தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளியில் அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஊசிமுனை
திங்கள், இரவு 8.50

ஜெனரேட்டர் விஷயம். பல டர்ன்டேபிள்களில் மோட்டார் சுற்றும் வேகம் கரண்டின் அலைவைப் பொறுத்தது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். சின்ன ஜெனரேட்டரில் அது 48க்கும் போகும், 52க்கும் போகும். அதே ஜெனரேட்டரில் இன்னொரு மோட்டார் போட்டால் பாகவதர் ஒரு நொடி தடுமாறுவார். பதிவில் அது நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், பிறகு திருத்துவது பெரும் பாடு.

உங்கள் மெஷின் டிசி மோட்டாரா என்று பாருங்கள். அடாப்டர் வைத்து ஓடுவது என்றால் பெரும்பாலும் டிசிதான், அதற்கு இந்தத் தொல்லை குறைவு. இல்லையென்றால் லைன் கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். விடியற்காலை 3 மணிக்கு வந்தால் 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டியதுதான். நான் அப்படித்தான் செய்தேன். தெருவும் அமைதியாக இருக்கும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், அடியில் ஓடும் ஹம் சத்தம் பாதி போய்விடும்.

எந்தத் தரத்தில் பதிவு செய்வது என்று கேட்பீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் குறைந்தபட்சம், 96 வைத்தால் இன்னும் நல்லது. 78 தட்டு மோனோதான், இருந்தாலும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள். ஒரு சுவர் தேய்ந்து மறுசுவர் நன்றாக இருக்கும் தட்டுகள் நிறைய. பிறகு நல்ல பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 140 தட்டும் 48இல் ஏறக்குறைய 23 ஜிபி, 96இல் 45. ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி அது.

மோல்மேன்காரி
செவ்வாய், மாலை 6.30

தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கேசட்டை யாரும் சொல்லவில்லையே.

எங்கள் அப்பா 80களில் வீட்டுத் தட்டுகளை எல்லாம் கேசட்டுக்கு மாற்றினார். வயர் இணைக்கத் தெரியாது. ரேடியோவும் தட்டு ஓட்டியும் சேர்ந்த ரேடியோகிராம் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் டேப் ரிக்கார்டரை வைத்து, எங்களை எல்லாம் வாசலுக்கு அனுப்பிவிட்டுப் பதிவு செய்வார். ஆனால் வீடு வீடுதானே. ஒரு கேசட்டில் பாட்டு நடுவில் சேவல் கூவும். ஒன்றில் காய்கறிக்காரி பர்மியில் விலை சொல்லிக்கொண்டே தெருவில் போவாள். இன்னொன்றில் அம்மா சமையலறையிலிருந்து, "ஏங்க, புளி கரைச்சு வெச்சிட்டேன், மீன் வந்துச்சா?" என்று கேட்பார். அப்பா பதில் சொல்லமாட்டார், பதிவாகிவிடுமே என்று. அம்மா இன்னும் சத்தமாகக் கேட்பார். அப்பா "உஸ்ஸ்" என்பது மட்டும் கேட்கும்.

2008இல் நர்கிஸ் புயல் அடித்தபோது அப்பா ரங்கூனில் அண்ணன் வீட்டில் இருந்தார், தட்டுகளும் அங்கேதான். கூரை போய் மழை உள்ளே கொட்டியது. தட்டுகளின் லேபிள் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கேசட்டுகள் இங்கே மோல்மேனில் என் அலமாரியில் இருந்ததால் தப்பின. அம்மா போய் 11 வருஷமாகிறது. அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அந்தப் பாட்டு யூட்யூபில் நல்ல தெளிவாகக் கிடைக்கிறது தம்பி, எனக்குத் தெரியும். மீன் வந்துச்சா என்று அதில் யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது அந்தக் கேசட் ஓடும்போது கீச் கீச் என்கிறது. என்ன செய்யட்டும்?

ஊசிமுனை
செவ்வாய், இரவு 9.10

அக்கா, அதை இனி ஒரு தடவைகூட ஓட்டிக் கேட்காதீர்கள். வேகமாக முன்னும் பின்னும் சுற்றவும் வேண்டாம். உள்ளே நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுப் பட்டை விழுந்திருக்கும், இல்லையென்றால் உருளை காய்ந்திருக்கும். திருகாணி வைத்த நல்ல கூடு ஒன்றைப் பிரித்து, நாடாவை அதற்குள் மாற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலைதான், ஆனால் கை நடுங்காதவர் செய்ய வேண்டும். ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைக்கலாம். ஆம், இங்கே ஸ்பிரிட் சரி.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். உங்கள் அப்பா பதிவு செய்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு வந்தால்தான் குரல் தெளியும். ஓட்டிக்கொண்டே மெதுவாகத் திருப்பி, 'ஸ' சத்தம் எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். வேறு கேசட்டில் பழகிவிட்டு இதைத் தொடுங்கள். ரங்கூன் வந்தால் கொண்டுவாருங்கள், நானே செய்து தருகிறேன்.

வியாசர்பாடி
புதன், காலை 10.00

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பமும் 64இல் ரங்கூனிலிருந்து வந்ததுதான். அந்த மே மாதம் 50, 100 சாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாது என்றானதும் தாத்தாவுக்கு ஒரே நாளில் எல்லாம் போனது. கையில் எடுத்து வர முடிந்தது கொஞ்சம்தான், தட்டுகளை யார் நினைத்தார்கள்.

பர்மா பஜார் 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி வந்தபோது அப்பாவுக்கு ஒரு கடை. வெளிநாட்டு டேப் ரிக்கார்டர், வெற்றுக் கேசட், எல்லாம் விற்றார். சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குத் தட்டிலிருந்து கேசட்டுக்கு மாறக் கருவி கொடுத்தது எங்கள் ஆட்கள்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். சென்னையில் வாங்கிச் சேர்த்த தட்டுகளைக் கேசட்டுக்கு மாற்றினோம், தட்டை எடைக்குப் போட்டோம். 2003இல் கேசட்டைச் சிடிக்கு மாற்றினோம், கேசட்டைக் குப்பையில் போட்டோம். போன பொங்கலுக்கு அந்தச் சிடிகளை எடுத்தால் பதினான்கில் ஒன்பது ஓடவில்லை. வீட்டில் எழுதும் சிடியில் சாயப் பூச்சில்தான் பதிவு இருக்கும், அது வெளிறிவிட்டால் தீர்ந்தது. கம்பெனியில் அச்சடித்து வரும் சிடி மாதிரி இல்லை அது.

ஒவ்வொரு தடவையும் புதியது வந்ததும் பழையதைத் தூக்கி எறிந்தோம். இன்று இரண்டுமே இல்லை. தம்பி, ஏற்றி முடித்த பிறகும் அந்தத் தட்டுகளை விற்காதீர்கள். அரக்குத் தட்டு எண்பது தொண்ணூறு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பென்டிரைவ் பத்து வருஷம் தாண்டுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்புறம், அந்த ஊதா மை எண்கள். லேபிளையும் உறையையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எங்கள் காலனியில் பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காட்டுகிறேன். யாருடையது என்று தெரியும் என்று சொல்ல முடியாது, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

மாந்தலே மாணவன்
புதன், இரவு 7.45

அக்காவின் கேசட்டைப் பற்றிப் படித்த பிறகு நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஏற்றுங்கள் அண்ணே, நானும் உதவுகிறேன்.

ஒரு சந்தேகம். இரைச்சலை எடுக்க இப்போது நல்ல மென்பொருள் இருக்கிறது. ஒரு தட்டை முயன்றேன், இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. அப்படியே எல்லாவற்றையும் செய்துவிடலாம்தானே?

தட்டோன் நாயனம்
வியாழன், காலை 6.20

தம்பி அனுப்பிய இரண்டு பதிவையும், சுத்தம் செய்யாததையும் செய்ததையும், கேட்டேன். சுத்தம் செய்த பதிவில் தாளம் எங்கே? முதல் பதிவில் சரணத்தில் ஜால்ரா தெளிவாகக் கேட்கிறது. இரண்டாவதில் யாரோ துணி சுற்றித் தட்டுவது போல இருக்கிறது, சில இடத்தில் இல்லவே இல்லை. ஜால்ராவின் சலங்கைச் சத்தமும் தட்டின் சீறலும் ஒரே இடத்தில் வாழ்கின்றன. மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்து வழித்துவிடுகிறது. பாடுபவர் மூச்சு இழுப்பதும் போய்விட்டது. எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கேட்டுத்தான் நாங்கள் பாடம் கற்றோம். சீறலுக்கு காது ஒரு நிமிஷத்தில் பழகிவிடும். போன ஜால்ரா திரும்பி வராது.

ஊசிமுனை
வியாழன், இரவு 8.15

நாயனம் ஐயா சொன்னதே என் கட்சியும். டக் டக் என்று வரும் வெடிப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்கலாம், அதில் இழப்பு இல்லை. சீறலைத் தொடுவதானால் நகலில் தொடுங்கள். ஊசியிலிருந்து வந்தபடியே ஒரு பதிவு, எந்தக் கையும் படாமல், ஒலியில் எதையும் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாகத் தனியே இருக்க வேண்டும். வேகத் திருத்தம்கூட அதில் வேண்டாம். கேட்பதற்கு, போனில் அனுப்புவதற்கு, எம்பி3 போட்டுக்கொள்ளுங்கள். தொடாத பதிவின் ஒரு நகல் உங்களிடம், ஒன்று வேறு ஊரில். இங்கே இணையத்தை நம்பி ஏற்ற முடியாது, அதனால் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து விடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பாட்டின் பெயரை மட்டும் போடாதீர்கள். லேபிளில் இருக்கும் தட்டு எண்ணையும், எந்தப் பக்கம் என்பதையும் முதலில் போடுங்கள்.

ரங்கூன் ரேடியோகிராம்
ஞாயிறு, காலை 5.10

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஊசி போன வியாழன்தான் கைக்கு வந்தது. ஊசிமுனை அண்ணன் தன் பழைய மூன்று வேக மெஷினையே இரவல் கொடுத்துவிட்டார்.

இன்று 3.20க்குக் கரண்ட் வந்தது. ஊதா மை எண் 1இலிருந்து தொடங்கினேன். நேற்றே துடைத்து நிறுத்திவைத்திருந்தேன். சார்ஜரைப் பிடுங்கினேன், மின்விசிறியை நிறுத்தினேன். ஊசி இறங்கியதும் முதலில் சீறல், அப்புறம் ஆர்மோனியம், அப்புறம் குரல். அம்மா எழுந்து வந்து கதவருகே உட்கார்ந்துகொண்டார். மூன்று நிமிஷமும் இருவரும் பேசவில்லை, பதிவாகிவிடும் என்று.

4.50க்குக் கரண்ட் போவதற்குள் ஏழு தட்டு, 14 பக்கம் முடிந்தது. ஆறாவது தட்டில் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை விரிசல் இருக்கிறது, ஊசி ஒவ்வொரு சுற்றிலும் தட்டுகிறது. அதை அப்படியே பதிவு செய்து வைத்திருக்கிறேன். ராஜரத்தினம் பிள்ளை எண் 41இல் இருக்கிறார் நாயனம் ஐயா, ஆனால் உறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரப்படாமல் பிரிக்கிறேன்.

லேபிள் போட்டோக்களைச் சென்னை ஐயாவுக்கு அனுப்பிவிட்டேன். நான் ஸ்பிரிட் தொட்ட தட்டு எங்களுடையதுதான், அவர்களுடையது இல்லை. அந்த ஒரு ஆறுதல். அதையும் பதிவு செய்வேன்.

வியாசர்பாடி
ஞாயிறு, காலை 9.30

போட்டோக்கள் வந்தன தம்பி. இன்று மாலை கோயிலில் பெரியவர்கள் கூடுவார்கள், கொண்டுபோகிறேன். முதல் தட்டின் உறையில் எண்ணுக்குக் கீழே பென்சிலில் ஏதோ எழுதி அழித்திருப்பது போலத் தெரிகிறது. சாய்வாக வெளிச்சம் அடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

ரங்கூன் ரேடியோகிராம்
ஞாயிறு, காலை 9.55

பார்த்தேன் ஐயா. பாதிதான் தெரிகிறது. "மொகல் தெரு" என்று இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு வீட்டு எண். கரண்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன்.